உபரி இரும்புக் கட்டில்

இந்தத் தோல் புத்தகத்தில் புனிதர்கள் எல்லாருக்கும் ஒரே முகம். ஓவியருக்கு அது ஒன்றுதான் வரும். ஆள் யாரென்று தெரியக் கையிலிருக்கும் சாமானைப் பார்க்க வேண்டும். சாவி என்றால் இராயப்பர். தட்டில் இரண்டு கண் என்றால் லூசியம்மாள். உரித்த தன் தோலையே மடித்துத் தோளில் போட்டிருப்பவர் பர்த்தலோமேயு.

நான் கஸ்பார். நேற்றுத்தான் புனிதனாகி இந்தப் புத்தகத்துக்குள் வந்தேன். எனக்குச் சாமான் இல்லை.

இன்று மாலை என் மனைவி செலஸ்தீன் மெழுகுவர்த்தியோடு வருகிறாள். நான் செத்து, அவளைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டால் தாங்கமாட்டேன்.

சாமான் அறை நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஐம்பத்திரண்டுக்கு நகர்ந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் இன்னொருவர், அதே முகத்தோடு நின்றார்.

குமாஸ்தா தன் தலையைக் கையில் பிடித்திருந்தார். தலை பேசியது.

"எப்படிச் செத்தீரு?"

"தூக்கத்துல."

"அப்போ சாமான் கிடையாதுவே. எதால கொன்னாங்களோ அதைத்தான் குடுப்போம்."

"வீட்டுக்காரி வாறா. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

தலை பெருமூச்சு விட்டது. உடம்பு அலமாரியைத் துழாவியது.

"லாரன்சைப் படுக்கவச்சு நெருப்புல வாட்டிக் கொன்ன இரும்புக் கட்டில்ல ஒண்ணு உபரியா கெடக்கு. வாங்கிட்டா கீழ வைக்க முடியாது. உம்ம சாவை அதுக்குத் தக்கன திருத்திக்கிடுவோம்."

"சரி."

கட்டிலைத் தங்கத்தகடு வைத்து என் கையோடு ஒட்டினார். ஜன்னலைச் சாத்தினார். பின்னால் நின்றவர் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, என் பக்கத்திலேயே வந்து நின்றார். அவருக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மாலையில் செலஸ்தீன் வந்தாள். நரைத்திருந்தாள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் முன்னால் நின்றாள். கட்டிலை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரோ, பாவம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பக்கத்தில் நின்றவர் முன்னால் மண்டியிட்டாள்.

"இவருதான். என்னைக்கு வீட்டுக்கு ஒரு சாமானோட வந்திருக்காரு?" என்று அழுதாள்.

"செலஸ்தீன், நான் இங்க இருக்கேன்," என்று கத்தினேன்.

எங்களுக்குக் குரலும் ஒன்றுதான்.

"தெரியுதுங்க," என்று அவரிடம் சொல்லி, மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். என் கையில் இரும்பு மெல்லச் சூடேறத் தொடங்கியது. சாவைத் திருத்துகிறார்கள்.