பூசாமல் விட்ட இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அழகமுத்து பிக்கப்பின் பின்தட்டில் முட்டிபோட்டு, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எல்கடுவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. ஒவ்வொரு இழுப்புக்கும் செந்தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் அப்பியது. துப்பினால் எச்சில்கூடச் சிவப்பாக விழுந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயமே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் லீவு நாளில் இவனுக்கு மட்டும் வேலை கொடுத்திருந்தார் மனேஜர் ஞானசுந்தரம். அவருக்கு அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் தோட்டம் தூரத்து மலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தது. அன்றிலிருந்து காலையில் பதினைந்து பெண்களை இந்தத் தட்டில் நிற்கவைத்து ஏற்றிப் போவார்கள். மாலையில் அதே தட்டில் கொழுந்துச் சாக்குகள் திரும்பி வரும். மூன்று வாரத்துக்கு முன்னால், ஆறாம் வளைவில் வண்டி திரும்பியபோது தட்டு விட்டுப்போய், அவர்களில் ஒருத்தியான காத்தாயியின் கால் முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. பெண்கள் அலறி வண்டி நிற்பதற்குள் ரோட்டில் கால் தேய்ந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. அவள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மறுபடி மலை ஏறுவாளா என்று டாக்டரே சொல்லவில்லை.

ஞானசுந்தரம் ஓட்டைமேல் ஒரு தகரம் அடிக்கச் சொன்னார். ‘இறங்கும்போது வழுக்கி விழுந்தாள்’ என்று விபத்துப் புத்தகத்தில் எழுதினார். பெண்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வண்டியைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்ததும் மாத்தளைக்கு ஓடி, இரண்டு டின் ரப்பர் பெயின்ட் வாங்கி வந்தார். பிக்கப் தட்டுக்கென்றே செய்த சரக்கு அது. ரப்பர் குருணை கலந்து, கறுப்பாகச் சொரசொரவென்று காயும், கால் வழுக்காது. கராஜுக்கு அனுப்பினால் தட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று மனுசனுக்குப் பயம். கலியாணத்துக்கு முன்னால் வண்டித் தகரம் ஒட்டும் டிங்கர் கடையில் வேலை பார்த்த அழகமுத்து, கொழுந்து மூட்டை சுமந்துகொண்டு இங்கேயே இருக்கும்போது கராஜ் எதற்கு?

அந்த ஓட்டை அழகமுத்துவுக்குப் பழக்கமானது. போன வருச மழையில் அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதன் வழியாகக் கொழுந்து ரோட்டில் கொட்டியது. மனேஜர் அடைக்கச் சொன்னார். அழகமுத்து கொழுந்துச் சாக்கில் ஒரு துண்டு கிழித்து, தாரில் நனைத்து அப்பினான். அழகாகக் காய்ந்தது. அப்போது தட்டில் கொழுந்து மட்டும்தான் ஏறியது. பிறகு பெண்களை ஏற்றத் தொடங்கிய நாளில் அந்தச் சாக்குத்துண்டு அவன் ஞாபகத்துக்கு வந்தது. யாரிடமாவது சொன்னால் தனக்குத்தான் வம்பு என்று இருந்துவிட்டான். காத்தாயி அந்தக் கறுப்பைத் தகரமென்று நம்பி மிதித்தாள்.

இதை அவன் மனைவி பாப்பம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராதான் காத்தாயியுடையது. அதில் தொங்கும் பூட்டைப் பார்க்காமல் மூன்று வாரமாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

வெளிச்சம் வந்ததும் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். நல்ல தகரம் கணீரென்னும், இது பொத்தென்றது. கட்டைவிரலால் அமுக்கினால் உள்வாங்கியது. ஒன்றல்ல, ஏழு இடம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

எட்டு மணிக்கு ஞானசுந்தரம் வேட்டி கட்டி, செண்டு பூசி வந்தார். நாவுலையில் ஒரு கலியாணம்.

“ஐயா, தட்டு பூரா இத்துப் போச்சுங்க. அடியில சட்டமும் வெடிச்சிருக்கு. வெல்டிங் வைக்காம இதுல பூசக் கூடாது.”

“உன்னை வெல்டிங்கைப் பற்றிக் கேட்டனானே? சாக்கு வைச்சு அடைச்சுப்போட்டு மேலே பூசு. போன வருசமும் செய்தனீதானே.”

“அப்ப ஆளு ஏறலீங்க.”

அவர் வாட்ச்சைப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை வாற ஆள், சாக்கு வைச்சது ஆர் எண்டு கேட்டால் நான் உன்ர பேரைத்தான் சொல்ல வேணும். நீ இருக்கிற லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம், மறந்திடாதே. நாளைக்குக் காலமை இதில ஆள் ஏற வேணும்.”

கார் இறங்கிப் போனது. அழகமுத்து வெகுநேரம் டின்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாளைக் காலை பாப்பம்மா நிற்கப்போவதும் இந்தத் தட்டில்தான். அவள் எப்போதும் இடது மூலையைப் பிடித்துக்கொள்வாள். ஏழில் இரண்டு இடம் அந்த மூலையில்தான் இருந்தது.

மனேஜர் அடிக்கச் சொன்ன தகரத்தை முதலில் நெம்பி எடுத்தான். தட்டு முழுக்க மண்தாள் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். பிறகு டேப்பை எடுத்து, காத்தாயியின் ஓட்டையையும் இற்றுப்போன ஏழு இடங்களையும் சுற்றி ஒட்டி, நடுவில் பேப்பர் வைத்து மூடினான். மிச்ச இடமெல்லாம் ரோலர் உருட்டினான். நெடி தலையைக் கிறுகிறுக்க வைத்தது. முதல் பூச்சு காயும்வரை காத்திருந்து இரண்டாவதையும் போட்டான். டேப்பை ஈரத்திலேயே உரிக்க வேண்டும்; காய்ந்தபின் உரித்தால் பெயின்டும் பிய்ந்துவரும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக உரித்து, பனி விழாமல் மேலே படங்கைக் கட்டிவிட்டுப் போனான். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவன் வேலை செய்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அழகமுத்து படங்கை இழுத்தான். கறுகறுவென்றிருந்த தட்டில், பூசாமல் விட்ட எட்டு இடங்கள் துருச் சிவப்பாகத் தெரிந்தன. பாப்பம்மா குடைக்கம்பியால் ஒன்றைக் குத்தினாள். கம்பி மறுபக்கம் போனது. இடது மூலையில் குத்தினாள். அங்கேயும் போனது.

“காத்தாயி கால் போன எடத்துல சாக்கு வச்சு தார் பூசுனது நான்தான்” என்றான் அழகமுத்து. “மனேஜர் சொன்னாரு, செஞ்சேன். ஆளு ஏத்துனப்ப சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல. இப்ப இதையும் மூடச் சொன்னாரு.”

பாப்பம்மா குடையை மடித்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாராவது தன்னை அடித்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்கு இருந்தது.

கடைசியில் பேசியது சந்திரகாந்தா. மாதர் சங்கத்தில் இருப்பவள், வார்த்தையை அளந்து விடுகிறவள்.

“காத்தாயிகிட்ட நீயே போய் வாயால சொல்லணும். அது தனி. நாளைக்கு ஆளு வர்ற வரைக்கும் இந்தத் தட்டுல யாரும் பிரஷ் வைக்காம பாத்துக்கணும். இது நம்ம எல்லாரு வேலையும்.”

அதற்குள் ஞானசுந்தரம் வந்துவிட்டார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மிச்ச டின்னைத் திறந்து உடனே பூசச் சொன்னார்.

“தகரமே இல்லாத எடத்துல பெயின்டு எப்படிங்க நிக்கும்?” என்றான் அழகமுத்து.

“ஏறுங்கோ எல்லாரும். ஏறாத ஆளுக்கு இண்டைக்குப் பேரில்லை, சம்பளமுமில்லை.”

“நாங்க நடந்து போறோங்க. கால் இருக்கிறப்பவே நடந்துக்கிறோம்” என்றாள் பாப்பம்மா.

ஞானசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். “இந்தச் சண்டைக் காலத்தில பத்துத் தமிழ்ச் சனம் கூடி நிண்டால் அதுக்கு வேற பேர். நான் பொலிஸுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் காணும்.”

போன மாதம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இரண்டு பேரை விசாரிக்கவென்று பொலிஸ் ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான், மற்றவன் எங்கே என்று அவன் தாய்க்கே இன்னும் தெரியாது. மனேஜருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவர் பங்களாவை நோக்கி நடந்தார்.

சந்திரகாந்தா பாதிப் பேரை மலைக்கு நடக்கச் சொன்னாள். மத்தியானம் வந்து ஆள் மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குப் போகவில்லை என்று எவனும் சொல்லக் கூடாது. மிச்சப் பேர் பிக்கப்பைச் சுற்றி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். பாப்பம்மா வண்டியின் முன் சில்லு டயரில் சாய்ந்துகொண்டாள். அழகமுத்து டின்னின் மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கினான். அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் தள்ளியே நின்றான்.

கீழே, ஆறாம் வளைவுக்கும் அப்பால், ஏதோ ஒரு வண்டி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மூட்டத்தில் அது ஜீப்பா, கொழுந்து லொறியா என்று தெரியவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, இன்னும் நெருங்கி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். பாப்பம்மா அவன் முகத்தைப் பார்க்காமலேயே சற்று நகர்ந்து, சில்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.