நான்கு டிகிரி

ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 11.20. மருந்துக் கிடங்கின் இரண்டாம் குளிரறையில் வெப்பநிலை 4.1 டிகிரி என்று கண்காணிப்புத் திரை காட்டியது. அதிகாலை ஐந்து மணியிலிருந்து அது அதையேதான் காட்டிக்கொண்டிருந்தது.

கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அலுவலகத்தில் மூன்று திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. பச்சை நிறம், அவ்வளவுதான். முன்பெல்லாம் குளிரறைக் கருவிகள் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். நூற்றுக்கணக்கான கருவிகள், சர்வர் மூச்சுத் திணறியது. சென்ற வருடம் அதை மாற்றியவன் அவன்தான். வெப்பநிலை அரை டிகிரி மாறினால் மட்டும் கருவி ஒரு செய்தி அனுப்பினால் போதும். செய்தி வந்தால் நிரல் விழித்துக்கொள்ளும், அளவு எல்லை மீறியிருந்தால் அலாரம் அடிக்கும். மாற்றம் இல்லையென்றால் செய்தியும் இல்லை. கூட்டத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். கிடங்கின் சுவரில் இருந்த பழைய தெர்மாமீட்டரை இனி எதற்கு என்று கழற்றினார்கள். கருவியே செத்துப்போனால் அதையும் 'மாற்றம் இல்லை' என்றுதான் திரை எடுத்துக்கொள்ளும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவனுடைய சொந்த கைபேசி அடித்தது. கிடங்கின் ஸ்டோர்காரர், அவன் மனைவியின் அண்ணன். வேலை பார்த்த அச்சகம் மூடியபின் ஒன்றரை வருடம் சும்மா இருந்தவரை இங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

"மாப்ள, ரெண்டாம் நம்பர் ரூம்லேருந்து வெளிய வந்தா என் கண்ணாடி மங்கிப்போகும். இன்னைக்குச் சரியா மங்கல. உன் பொட்டி என்ன சொல்லுது?"

"நாலுதான் மச்சான். சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க, குளிர் போயிடும்."

"சரி, நீ சொன்னா சரி. படிச்ச பொட்டி, பொய்யா சொல்லப்போகுது?"

அவர் அன்று கதவை மறுபடி திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை திறந்தபோது உள்ளே பத்தொன்பது டிகிரி. திங்கள் விடியற்காலையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்ரசரும் கருவியும் ஒன்றாகக் கருகியிருந்தன. குழந்தைகளுக்கான 2,140 தடுப்பூசிக் குப்பிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை விசாரணை. முந்தின நாள் முழுக்க அவன் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். போன் வந்தது, நான்தான் திறக்க வேண்டாம் என்றேன். ஒரு வரிதான். சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவருடையது. மேலாளர் அம்மா அவரைத்தான் முதலில் கேட்டார். திங்கட்கிழமை ஏதாவது வித்தியாசமாகப் பட்டதா, யாரிடமாவது சொன்னீர்களா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்ல மேடம். கவனிக்கல."

மேலாளர் இவன் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டத்துல எந்த அலர்ட்டும் பதிவாகல மேடம்," என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வராந்தாவில் அவர் காத்திருந்தார். இவன் அருகில் போய் நின்றான்.

"தங்கச்சிக்கு இது ஏழாவது மாசம். ரெண்டு பேரும் வீட்ல குந்திக்கிட்டா யாரு பாக்குறது? மூஞ்சியத் தொடச்சுட்டுப் போ. பத்து பேரு பாக்குறான்."

வெள்ளிக்கிழமை அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். மாற்றம் இல்லாவிட்டாலும் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்ப வேண்டும், வராவிட்டால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற புதிய விதியை அடுத்த திங்கட்கிழமை அவன் எழுதினான். மதியத்துக்குள் அது வேலை செய்யத் தொடங்கியது.

மாலை வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குளிரு ஒத்துக்கலன்னு அண்ணன் வேலைய விட்டுட்டாராமே. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே?"

எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும் என்றான்.