தாத்தா பெயரில் ஒரு கேட்

ரிப்பன் வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினார் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே நின்ற இரும்பு கேட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆள் உயரத்துக்கும் மேலே, பளபளவென்று பச்சைப் பெயின்ட். உச்சியில் கம்பியை வளைத்து வளைத்துத் தாத்தாவின் பெயர். செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மரியாதை. முன்தெருவே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

கேட் நின்ற இடம்தான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. பின்தெருவிலிருந்து முன்தெருவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே குறுக்குச் சந்து அது. ஆம்புலன்ஸ் நுழையாத பின்தெருவுக்குத் தாத்தாதான் ஆம்புலன்ஸ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு ஒரு சக்கர நாற்காலி வாங்கி முன்தெரு வீட்டு வாசலில் நிறுத்தினார். யார் வந்து கூப்பிட்டாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். பிரசவ வலி, நெஞ்சு வலி, ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர், எல்லாரும் இந்தச் சந்து வழியாகத்தான் போனார்கள். கடைசிக் காலத்தில் நோயாளியைத் தள்ள அவருக்கே மூச்சு வாங்கியபோது, பஸ் டிப்போவில் வெல்டராக இருந்த அவளுக்குப் போன் போட்டு வரவழைத்தார். "நீ தள்ளு. வழி விடச் சொல்லி நான் கத்துறேன்" என்று முன்னால் நடந்தார்.

இப்போது அந்தச் சந்துக்குப் பூட்டு. பைக் திருட்டு அதிகமாகிவிட்டதாம், பின்தெரு ஆட்கள்தான் காரணமாம். கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே, ஒருக்களித்து ஓர் ஆள் போக மட்டும் இடைவெளி.

இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்த சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பா. அவளிடம் அலங்கார வளைவு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

தலைவருக்குத் தெருவில் 'மைக்' என்று பெயர். பிடித்தால் விடமாட்டார். தாத்தாவைக் கடல் என்றார், இமயம் என்றார். அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கடகடவென்ற சத்தத்தில் மைக்கின் பேச்சு பாதியில் நின்றது.

"உட்காருங்க சார்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"குடலிறக்க ஆபரேஷனுக்கு இதுலதானே போனீங்க? அன்னைக்கு எந்தத் தெருன்னு கேட்டுட்டா தாத்தா தள்ளினாரு? உட்காருங்க. இந்த கேட்டை எப்படித் தாண்டுறதுன்னு பார்ப்போம்."

அவர் உட்காரவில்லை. காலி நாற்காலியை அவள் அந்த இடைவெளியில் விட்டு இடித்தாள். ணங்கென்று சிக்கியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தவர்களில் ஒரு தையல்காரம்மா. அந்தம்மாவின் புருஷனுக்கு வாராவாரம் டயாலிசிஸ்.

"எங்க வீட்டுக்காரரை நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டா போகலாம்" என்றாள் அந்தம்மா. பின்தெரு சிரித்தது. முன்தெரு தரையைப் பார்த்தது.

அவசரமென்றால் சாவி செயலாளரிடம் இருக்கிறது, ஒரு போன் போட்டால் போதும் என்று தலைவர் மென்று விழுங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் முதலில் செயலாளர் நம்பரைத் தேட வேண்டுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அப்பா அவள் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தார்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கணுமா?"

"தாத்தா மானத்தை நீங்க வாங்கிட்டீங்களேப்பா."

"உனக்கு என்னடி தெரியும் அவரைப் பத்தி?" அப்பா அவள் கையை உதறினார். "எனக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்தப்போ பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிக்கிட்டு ஓடினாரு. எங்கப்பா எங்க இருந்தாரு தெரியுமா? பின்தெருவுல யாரையோ தோள்ல சுமந்துக்கிட்டு இருந்தாரு. நாற்காலி வாங்குறதுக்கு முன்னாடி அவரோட தோள்தான் நாற்காலி. அதுல நான் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. பேராவது எங்க பக்கம் இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

அவளுக்குத் தாத்தா மேலேயே கோபம் வந்தது. அதற்காகப் பின்தெருவுக்குப் பூட்டா? பூட்டு மேலிருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

"பேரை அறுத்துத் தர்றேன், வீட்டுல மாட்டிக்குங்க" என்றாள். "வழி அவங்களுக்கு வேணும்."

கேட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பக்கத் தூணில் இரண்டு கீல் முளைகளில் கேட்டைச் சும்மா செருகி வைத்திருந்தார்கள். பூட்டும் நாதாங்கியும் மறுபக்கத்துத் தூணில். விழா அவசரத்தில் முளைக்கு மேலே மூடி வைத்துப் பற்றவைக்க மறந்திருந்தார்கள். தூக்கினால் கழன்று வந்துவிடும். கம்பிக்கடியில் கை கொடுத்து எக்கித் தூக்கினாள். பெயின்ட் கையில் பிசுபிசுத்தது. இரும்பு லேசாக முனகியதோடு சரி. போலீஸைக் கூப்பிடுவேன் என்று மைக் இல்லாமலேயே கத்தினார் தலைவர். அந்தப் பக்கத்திலிருந்து கைகள் கம்பிக்குள் நுழைந்தன. அப்போதும் எழும்பவில்லை.

முளை இருந்த பக்கம், கனம் முழுவதும் தொங்குகிற இடத்தில், யாரோ வந்து குனிந்தார்கள். அப்பா.

"அவருக்காக இல்ல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ தூக்குற தூக்குக்கு முதுகு போயிடும். காலை அகட்டி வை. ம்... தூக்கு."