கேப்டன் பிராம்

ஆள் கடத்தல் என்று யாராவது சொன்னால் ஹாஜி மிஃப்தாஹுக்கு முகம் சுருங்கிவிடும். அவர் செய்வது கடல் வழியாக இத்தாலிக்குப் பயண சேவை. லிபியக் கடலோரத்தில், ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த அந்தப் பழைய கோழிப்பண்ணைக்கு விருந்தினர் மாளிகை என்று பெயர். வெளியே தொங்கும் பூட்டு விருந்தினரின் பாதுகாப்புக்காம்.

உள்ளே அடைபட்டவர்களில் இருவர் காம்பியாக்காரர்கள். பிராம் செரேர் இனம், ஊரில் முடிவெட்டியவன். அன்சுமானா ஜோலா இனம். இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி புளுகிக்கொள்ள வேண்டும். திட்டாவிட்டால்தான் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"டேய் அடிமை, உன் தொப்பைக்குப் படகே முங்கிடும்டா!" என்றான் அன்சுமானா.

"போடா சோத்துமூட்டை! ஒத்தைக் கையால படகை ஓட்டி உன்னை இத்தாலியில எறக்குவேன். எங்க பாட்டன் கடலுக்கே வழி சொன்னவரு."

அவர்கள் பேசியது வோலோஃப் மொழி; வாசலில் நின்ற ஹாஜிக்கு, விருந்தினர்களிடம் பொறுக்கியதில் அது அரைகுறையாகத் தெரியும். பேச்சு புரிந்தது, முறை புரியவில்லை.

"மாஷா அல்லாஹ்! நீதான் கேப்டன்."

ஹாஜியின் கப்பல் என்பது காற்றடித்த ரப்பர் படகு. கரை சேர்ந்தால், எஞ்சினைப் பிடித்தவன்தான் கடத்தல்காரன் என்று இத்தாலியப் போலீஸ் உள்ளே தள்ளும். சேராவிட்டால் போலீசுக்கு வேலை மிச்சம். எப்படியானாலும் ஹாஜி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் ஹாஜி! கத்தரிக்கோல் தவிர எதையும் பிடிச்சதில்ல. டேய், நீயாச்சும் சொல்லுடா!"

அன்சுமானா பதறினான். "ஆமா ஹாஜி. குளிக்கிற வாளியைப் பார்த்தாலே இவன் பயப்படுவான். சத்தியமா."

ஹாஜி வயிறு குலுங்கச் சிரித்தார். "வந்த நாளா பாக்குறேன். இவனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கியா நீ?"

பொழுது சாயும்போது காவலாள் துப்பாக்கியால் பிராமை எஞ்சின் பக்கம் நெட்டித் தள்ளினான். ஹாஜி தம் கையாலேயே, பதக்கம் அணிவிக்கும் தோரணையில், அவன் கழுத்தில் திசைகாட்டியை மாட்டினார். பிறகு வேட்டை நாயைப் போல ஒரு முறை கடலை மோந்துவிட்டு, கரையிலேயே பத்திரமாக நின்றுகொண்டார்.

படகு நிரம்பியது. எஞ்சின் இருமிக் கிளம்பியது. முதல் அலையே படகைத் தூக்கிப் போட்டது.

"ஏதாவது திட்டுடா," என்றான் பிராம்.

அன்சுமானா அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதீங்கண்ணே."

அப்போதுதான் பிராம் கரையைத் திரும்பிப் பார்த்தான்.