எண்பத்தேழாம் பிள்ளைக்கு ஐந்து நிறை

புள்ளிவிபரம் பார்க்கும் மயூரதன் சேர் கொழும்பில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து, ஹற்றன் தொண்டு நிறுவன அலுவலகத்தில் யாருக்கும் 'தெரியாது' என்று சொல்லும் உரிமை இல்லாமல் போயிற்று. இல்லாத எண்ணை இருப்பதாக்கும் மென்பொருள் ஒன்றை அவர் சீடியில் கொண்டு வந்திருந்தார். அதுவும் ஒரு தடவை அல்ல, வெற்றிடம் ஒவ்வொன்றையும் ஐந்து விதமாக நிரப்பி, ஐந்து அட்டவணை தரும்.

அது 2006 ஓகஸ்ட். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஐந்து வயதுக்கு உட்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அலுவலகம் சத்துமா கொடுத்து வந்தது. ஜனவரியில் நிறை பார்த்தபோது நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் நிறை குறைவு. ஜூலையில் அது முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் சத்துமா நின்றுவிடும், இறங்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் வரும். கள உத்தியோகத்தர் ஜெயந்தினி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். மா வராத மாதத்தில் எந்த வீட்டுப் பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு படுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலையில் நாற்பத்தேழு பிள்ளைகள் நிறை பார்க்க வரவில்லை. மெலிந்த பிள்ளையைத் தூக்கி வந்தால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எல்லார் முன்னாலும் மருத்துவமாது தாயைக் கிழிகிழி என்று கிழிப்பாள். அதனால் அப்படிப்பட்ட தாய்மார் அன்றைக்குப் பிள்ளையை ஒளித்து வைத்துவிடுவார்கள். ஜெயந்தினி லயம் லயமாக ஏறி விசாரித்து, நாற்பத்தேழு பேருக்கும் கணினி அட்டவணையின் குறிப்பு நிரலில் காரணத்தை எழுதி வைத்தாள். தமிழில் எழுதினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"சேர், வராதது எல்லாம் மெலிஞ்ச புள்ளைங்க. குறிப்புல எழுதியிருந்தேனுங்களே," என்றாள் மயூரதனிடம்.

"அது கணினியில எழுத்தில்லாமப் பெட்டி பெட்டியாத்தான் தெரிஞ்சது, பிள்ளை. அழிச்சுப்போட்டன். வயசும், ஆணோ பெண்ணோ எண்டதும் காணும். மிச்சத்தை மென்பொருள் பாத்துக்கொள்ளும்."

"வந்த புள்ளைங்கள வச்சு வராத புள்ளைங்க எடைய எப்புடிங்க சேர் சொல்றது?"

"ஒரு நிறையைச் சொன்னா அது பொய். ஐஞ்சு நிறையைச் சொன்னா அது புள்ளிவிபரம்."

ஜெயந்தினி அகராதியை வைத்துக்கொண்டு மென்பொருளின் கையேட்டை வாசித்தாள். மூன்றாம் பக்கத்திலேயே இரண்டு எச்சரிக்கை இருந்தது. மெலிவே வராததற்குக் காரணமாயிருந்தால் இப்படி நிரப்பிய எண்ணை நம்பக் கூடாது. நிரப்பிய எண் எந்தத் தனிப் பிள்ளையின் நிறையும் அல்ல. கொண்டுபோய்க் காட்டினாள்.

"அது முன்னுரை," என்றார் மயூரதன். "முன்னுரையை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

விடை வந்தது: நிறை குறைவு நூற்றுக்கு இருபத்தேழு. பணிப்பாளர் துரைராசாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. நிதி கொடுப்பவர்களின் அதிகாரியான ஒரு வெள்ளைக்கார அம்மா அடுத்த வாரம் வருகிறார். ஆறு மாதத்தில் ஆகக் கூடுதலாக நிறை ஏறிய பிள்ளையை அவரோடு நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அட்டவணையில் முதலாவதாக நின்றது எண்பத்தேழாம் இலக்கம், ராக்காயியின் மூன்றரை வயது மகள் தர்சிகா. ஜனவரியில் 9.1 கிலோ. ஜூலையில் 12.1, 13.4, 12.7, 11.9, 13.9. சராசரி 12.8.

"சேர், அந்தப் புள்ளைய ஜூலையில நிறுக்கவே இல்லைங்க," என்றாள் ஜெயந்தினி.

"ஐஞ்சு தரம் நிறை போட்டுக் கிடக்கு. நிறுக்கேல்லை எண்டு சொல்லுறீர்?" என்றார் துரைராசா.

வந்தது அந்த நாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ராக்காயி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக்கார அம்மா அட்டவணையைப் பார்த்தார், பிள்ளையின் முழங்காலைப் பார்த்தார், பிறகு மறுபடி அட்டவணையைப் பார்த்தார். இப்போதே நிறை பார்க்கலாமா என்று கேட்டார். அலுவலகத் தராசு ஹற்றனில் இருந்தது. படம் எடுக்கத் தராசு எதற்கு? கடைசியில் கொழுந்துத் தராசிலேயே துணி கட்டிப் பிள்ளையைத் தொங்கவிட்டார்கள். முள் ஒன்பதை எட்டவில்லை.

மயூரதனின் முகம் செத்துப் போயிற்று. "கொழுந்துத் தராசு பிழையாக் காட்டும்," என்றார்.

அட்டவணையில் பன்னிரண்டே முக்கால் என்று கேட்டதும் ராக்காயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இதே தராசுலதாங்க எங்க கொழுந்த நிறுக்கிறாங்க. அப்ப மட்டும் சரியாக் காட்டுதாம். தண்ணி, சாக்குன்னு கொழுந்துல ரெண்டு கிலோ வெட்டுறாங்க. எம்புள்ளைக்கு மட்டும் நாலு கிலோ கூட்டிப் போட்டிருக்கீங்களே, அத எங்கேருந்துங்க எடுத்தீங்க?"

தாய் என்ன சொல்கிறாள் என்று கேட்டு வெள்ளைக்கார அம்மா ஜெயந்தினியின் பக்கம் திரும்பினார். துரைராசா அவள் காதோடு சொன்னார்: "தாய் நன்றி சொல்லுறா எண்டு சொல்லும்."

ஜெயந்தினி ராக்காயியைப் பார்த்தாள். வேலை போனால் நாளைக்கு அவளும் இதே மடுவத்தில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். ஆனாலும் ராக்காயி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னும் நாற்பத்தாறு பிள்ளைகள் இப்படி ஒளிந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

வெள்ளைக்கார அம்மா சொன்னபடி அன்றைக்கே எல்லா லயத்துக்கும் ஏறினார்கள். அந்தக் கொழுந்துத் தராசைத் தோளில் சுமந்தவர் மயூரதன். சப்பாத்து வழுக்கி இரண்டு தடவை விழுந்தார். ஜெயந்தினிக்கு அதில் சந்தோசம்தான், மறைக்கவும் இல்லை. நாற்பத்தேழில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நிறை குறைவு. ஜூலையில் நிறுத்த பிள்ளைகளோடு கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கு மேல். சத்துமா நிற்கவில்லை.

அடுத்த மாதம் அறிக்கை அச்சாகி வந்தது. 'தவறவிடப்பட்ட பிள்ளைகள் நவீன மென்பொருளின் உதவியால் இனங்காணப்பட்டனர்' என்று எழுதி, கீழே மயூரதனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஜெயந்தினி அதை ராக்காயிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனாள். ராக்காயி நிறுவை வரிசையில் நின்றாள். கணக்கப்பிள்ளை அவள் கொழுந்தைத் தராசில் மாட்டினார், முள்ளைப் பார்த்தார், வழக்கம்போல இரண்டு கிலோ வெட்டி எழுதினார்.