ஏழாம் வாசலைத் திறந்தவர்

தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது கணவர் சோபாவில் காலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் அவளுடைய வீடியோ கேம். அதன் சின்னத் திரையில் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுது போ!" என்றார். "கடைசி வாசல், கடைசி வாசல்னு வாரக்கணக்கா உயிரை எடுத்தியே. திறந்து விட்டாச்சு."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டன.

அந்த விளையாட்டு மகள் விட்டுப்போனது. கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது, "எனக்குப் போரடிச்சிடுச்சும்மா, நீ வச்சுக்கோ" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். சும்மா பார்ப்போமே என்று ஒருநாள் பஸ்ஸில் திறந்தாள் அம்மாக்காரி. அவ்வளவுதான், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. ஒரு மந்திரவாதி ஒரு நாட்டையே ஏழு வாசல் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறான். வாசலுக்கு வாசல் வண்ணக் கற்கள் கலைந்து கிடக்கும். சிவப்பை வரிசையாகச் சேர்த்தால் வாள்வீரன் ஒரு அடி முன்னே போவான், நீலத்தைச் சேர்த்தால் வில்லாளி அம்பு விடுவான். நாம் ஒரு கல்லை நகர்த்தினால் மந்திரவாதியும் ஒரு கல்லை நகர்த்துவான். செத்த வீரன் செத்தவன்தான், அடுத்த வாசலுக்கு வரமாட்டான். தோற்றால் அதே வாசலில் மறுபடி ஆடலாம்; ஏழாவதைத் திறந்துவிட்டாலோ பழைய ஆட்டம் அழிந்து முதல் வாசலுக்கே போய்விடும்.

பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் யார் யாருடைய கண்ணுக்கோ லென்ஸ் தேய்த்து பிரேமில் உட்காரவைப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்படி. நடுவில் அந்தப் பஸ் பயணம் மட்டும் அவளுடையது. ஒரு வீரனைக்கூடச் சாகவிடாமல் ஆறு வாசல் கடந்திருந்தாள். அதிலும் ஒற்றைக்கண்ணன் என்று அவள் பெயர் வைத்திருந்த வில்லாளி பெரிய பலசாலி ஒன்றுமில்லை. முதல் வாசலிலிருந்து கூட வந்தவன், அதனாலேயே செல்லம். அத்தனை பேரோடும் ஏழாம் வாசலைத் தானே திறக்க வேண்டும். வேறு எந்த ஆசையையும் அந்த வருஷம் அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

"எப்படித் திறந்தீங்க?" என்றாள்.

"போன்ல ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். பார்த்துப் பார்த்து அமுக்கினேன். அந்த ஒத்தைக் கண்ணு ஆளு இருக்கான்ல, அவனை முதல்ல பலி குடுத்துடணும். மந்திரவாதி அவனைப் பிடிக்கப் போவான், நாம இந்தப் பக்கமா உள்ள போயிடலாம்."

"பலி குடுத்துட்டீங்களா?"

"அட, பொம்மைதானே!"

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லிப்ட் மெக்கானிக். புகார் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், கதவைத் திறந்துவிட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வேர்த்து வழிய வெளியே வந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். இப்படியே பழகிப்போய், வீட்டில் யார் எதைச் சொல்லி அலுத்துக்கொண்டாலும் அதுவும் அவருக்குப் புகார்தான். அவள் ஆசையாக அலுத்துக்கொண்டது அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. கேட்டுவிட்டுச் செய்வோம் என்று தோன்ற வேண்டாமா? தோன்றாது.

அதற்குமேல் அவள் போட்ட சத்தம் கேட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்கா அண்ணி இந்த ஆர்ப்பாட்டம்? நான்கூட அண்ணன் ஏதோ பண்ணக் கூடாததைப் பண்ணிட்டாருன்னு பயந்துட்டேன்."

"பண்ணக் கூடாததைத்தான் பண்ணியிருக்கார்!" என்று கத்தினாள் அவள். அதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதது இன்னும் ஆத்திரமாக இருந்தது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி நகை காணாமல் போயிருந்தால் ஊரே கூடி உச்சுக்கொட்டியிருக்கும்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைப்பதோடு சரி. ஒரு வாரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சமாதானத்துக்கு வந்தார்.

"விட்ட இடத்துலயே கொண்டுவந்து நிறுத்தறேன். முதல்லேர்ந்து நானே ஆடறேன். வீடியோ பார்க்க மாட்டேன், ஒருத்தனையும் சாகவிட மாட்டேன். ஏழாம் வாசல்ல உன் கையில குடுத்துடறேன். போதுமா?"

அவளுக்குத் திரும்ப முதலிலிருந்து ஆடத் தெம்பில்லை. கோபம் தீராமலே தலையை ஆட்டிவைத்தாள்.

முதல் இரண்டு வாசலைக் கடமைக்கு ஆடினார். மூன்றாவதில் மனிதர் விழுந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிய, பக்கத்திலேயே நின்று பச்சைக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். கழிவறைக்குப் போனால் ஆளே வெளியில் வருவதில்லை. ஒரு சாயங்காலம் ஏதோ கட்டடத்தின் காவலாளி போனில் கதற, "இதோ வந்துட்டே இருக்கேன், பாதி வழியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சோபாவில் அசையாமல் இன்னொரு கல்லை நகர்த்தினார். லிப்டில் அடைபட்டு நிற்கும் அந்த முகம் தெரியாத ஜனங்களுக்காகவும் சேர்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக அவரை வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

அப்புறம் எந்த வாசலில் இருக்கிறார் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நேராகக் கேட்டாள்.

"எத்தனாவது வாசல்?"

"ஏழு."

"எப்போ வந்தீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "நாலஞ்சு நாள் இருக்கும்."

"குடுங்க."

"இரு, இரு. பிடிபடற மாதிரி இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை."

"ஏழாம் வாசல் என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கேமை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன், இல்லேங்கல. ஆனா பாடுபட்டது யாரு? ஒவ்வொருத்தனையும் பொத்திப் பொத்தி இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். கடைசியில நோகாம நீ வந்து திறந்துட்டுப் போயிடுவியா? அது நியாயமா?"

சர்க்கரை வாங்க வந்திருந்த நாத்தனார் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். இந்தமுறை சிரிப்பு வரவில்லை. தான் சொன்னது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. முகம் சுருங்கிப்போய்க் கேமை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "அது உங்க படை. நீங்களே திறந்துக்கோங்க."

"அப்போ உனக்கு?"

"எனக்கு இனி ஏழாம் வாசல் இல்ல. அதைத்தான் எடுத்துட்டீங்க."

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம். இல்ல, கடையில கேட்டு அந்தப் பழைய ஆட்டத்தை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "இதை எப்படித்தான் சரி பண்றது, சொல்லு."

"சரி பண்ண வேணாம். உட்காருங்க. நான் திட்டப் போறேன். முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, நடுவுல ஒரு யோசனையும் சொல்லக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.