வால் முளைத்த வட்டம்

அப்துல் குத்தூஸுக்குப் படகுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியும். பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அந்த மனுஷனை ஆண்டவன் அப்படித்தான் படைத்திருந்தான், யாரை நோவது?

அவன் மனைவி ரஹ்மத்துன்னிசா கீழக்கரையிலிருந்து கப்பலேறி அந்தமானில் ஜங்லிகாட்டுக்குக் குடித்தனம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்காள் மஸூதா எதிர்க்கரையில், பாம்பூஃபிளாட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். பெற்ற தாயோ கடலுக்கு அந்தப்பக்கம். "வலி கண்டா நீதான்டி என் பக்கத்துல இருக்கணும்" என்று அக்காள் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தாள்.

அதற்குள் அந்தச் சங்கதி நடந்துவிட்டது. அக்காளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பியவள், சாத்தம் படகுத்துறையில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வெள்ளைப் படகுகளில் தப்பானதில் ஏறிவிட்டாள். பெயர்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன; அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். வேறொரு கரையில், டண்டாஸ் பாயிண்டில் இறங்கி, அவள் பேசுவது அங்கே யாருக்கும் விளங்காமல், அவர்கள் இந்தி அவளுக்கு விளங்காமல், பொழுது சாயும்வரை அழுதுகொண்டு நின்றாள். ஒரு வங்காளிப் பெரியவர்தான் இரக்கப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். தெருவில் அவளுக்கு "டண்டாஸ் ராணி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சும்மா இருக்கிற வாய்களுக்கு அவல் கிடைத்தால் விடுமா?

அன்றிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போனா வாறேன் மச்சான். தனியா மாட்டேன்" என்றாள். அவன் வேலையோ விடிந்தால் ஒரு துறை, அடைந்தால் ஒரு துறை. பிரசவ வலி இவன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்தா வரும்?

அந்தச் சமயத்தில்தான் படகுகளை ஓட்டும் கான்ட்ராக்டர் சொக்கலிங்கம் அவற்றுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். குத்தூஸ் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, இங்க ஆளுக்கொரு பாஷை. பாம்பூஃபிளாட் படகுக்கு ஒரு வட்டம், டண்டாஸ் படகுக்கு ஒரு முக்கோணம் போட்டா என்ன?" என்று கேட்டான். அவரும் நல்ல மனநிலையில் இருந்தார் போல, சரி என்றுவிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துவைத்துப் போட்டுப் பார்த்தான். முக்கோணம் சொன்னபடி கேட்டது. பட்டை பிரஷை முனையில் வைத்து உள்பக்கமாக இழுத்தால் மூலை கத்தியாக நிற்கும். முனையை நோக்கி இழுத்தால்தான் பிதுங்கும். வட்டம்தான் உயிரை வாங்கியது. ஆணியில் நூல் கட்டிச் சாக்பீஸால் வளைத்தாயிற்று. ஆனால் வளைவில் பட்டை பிரஷ் திக்கித் திக்கிப் பல்லுப் பல்லாக விட்டது.

"இது வட்டமா? ஓரம் கருகின தோசை மாதிரியில்ல இருக்கு" என்றாள் ரஹ்மத்து, கதவுக்குப் பின்னாலிருந்து. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பட்டையைப் போட்டுவிட்டு உருண்டை பிரஷை எடுத்தான். உப்புக் காற்றில் அதன் மயிர் விரிந்து கிடந்தது. நூலால் இறுகக் கட்டி, பெயின்ட்டைக் கொஞ்சமாகத் தொட்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுற்றினான். இப்போது வட்டம் வழுவழுவென்று வந்தது. தொடங்கிய இடத்தில் வந்து சேரும்போது மட்டும் கை வழுக்கி ஒரு சின்ன இழுப்பு விழுந்துவிட்டது.

"வட்டத்துக்கு வால் முளைச்சிருக்கு மச்சான்!"

படகிலும் அதே இடத்தில் அதே வால். ஏதோ கப்பலில் மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் அது, துடைத்தாலும் போகவில்லை. அவனுக்கு மானமே போயிற்று. துறையில் மற்றவர்கள் யாரும் வாலைப் பார்க்கவில்லை. வட்டக்காரன், முக்கோணக்காரன் என்று இந்தியில் "கோல்வாலா", "திகோன்வாலா" என்று படகுகளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ரஹ்மத்துவும் ஒரு நாள் சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்: "வட்டந்தானே? அப்பத் தனியாவே போயிருவேன்."

அந்த வாரமே டெல்லியிலிருந்து பெரிய மனிதர் யாரோ வரப்போவதாகச் சேதி. சொக்கலிங்கத்தின் மனம் மாறிவிட்டது. "படகாய்யா இது, கேரம் போர்டா? அழி!" என்றார். குத்தூஸ் இரண்டின் மேலும் வெள்ளை அடித்தான். அடித்ததை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு.

"மஸூதாவுக்கு வலி கண்டுருச்சாம், ஆள் வந்து சொன்னாங்க" என்றாள் பக்கத்து வீட்டு மரகதம். "ரஹ்மத்து தனியாத்தான் போச்சு. வட்டம் பாத்து ஏறிக்கிறேன்னுச்சு."

குத்தூஸ் ஓடினான். பாவி, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இன்னேரம் எந்தக் கரையில் அழுதுகொண்டு நிற்கிறாளோ! அங்கே அக்காள் இவளைத் தேடிக்கொண்டிருப்பாளே! சாத்தம் பாலத்தில் எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

துறையில் படகு ஒன்று கரை சேர்ந்துகொண்டிருந்தது. அதன் வெள்ளை வயிற்றில் ரோஸ் நிறத்தில் மங்கலாக ஒரு வட்டம். அடியில் இருந்த சிவப்பு ஒரு கோட்டிங் வெள்ளையை மீறிக் கசிந்து மேலே வந்திருந்தது. அவன் வாயைப் பிளந்துகொண்டே அதில் ஏறினான்.

மஸூதா வீட்டு வாசலை மிதிக்கும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. கையில் துணிப்பொட்டலமாகப் பிள்ளையை ஏந்திக்கொண்டு ரஹ்மத்து வெளியே வந்தாள்.

"பொம்பளப் புள்ள மச்சான். ராத்தா கடைசிவரைக்கும் என் கைய விடவே இல்ல."

"நீ... எப்படிப் புள்ள வந்தே? அத நான் ஒரு கோட்டிங் வெள்ளை அடிச்சு அழிச்சுட்டேனே."

"அழிச்சீங்களா?" அவள் முகம் சுருங்கியது. "அதான் தூரத்துல ரெண்டும் ஒரே கறை மாதிரி இருந்துச்சா! திரும்பிரலாம்னுதான் நெனச்சேன். ராத்தா மொகம் வந்துச்சு. கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தேன். வால் இருந்துச்சு. ஏறிட்டேன்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தெரியவில்லை.

"மொதலாளி பாத்தா மறுபடி அழிக்கச் சொல்லுவாரு, ரஹ்மத்து."

"சொன்னா அழிங்க" என்றாள் அவள், பிள்ளையை அவன் கையில் கொடுத்துக்கொண்டே. "ஆனா ஒரு கோட்டிங்தான் அடிக்கணும்."